வாகைகுளம் முதல் கொச்சி வரை: 47 நிமிடம்

வாகைகுளம் விமானத் தளத்திலிருந்து கொச்சித் தளத்துக்கு நேர்கோட்டில் இருநூற்று முப்பத்தாறு கிலோமீட்டர். முதலில் பள்ளிக்கூட அட்லசில் நூல் வைத்து அளந்தேன். பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துக் கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். பத்தொன்பது பேர் உட்காரும் சிறிய விமானம், வாரத்தில் மூன்று நாள். மேலேறவும் கீழிறங்கவும் பிடிக்கும் நேரத்தைச் சேர்த்தால் நாற்பத்தேழு நிமிடம். சாலை வழியாகப் போனால் திருநெல்வேலி, ஆரல்வாய்மொழி, திருவனந்தபுரம் என்று சுற்றி நானூறு கிலோமீட்டருக்கு மேல், பதினோரு மணி நேரம்.

இந்த எண்கள் எதிலும் பிழையில்லை. ஒரு வழி பறந்து போய், மறுவழி ரோட்டில் திரும்பி வந்து, எல்லாவற்றையும் நானே சரிபார்த்துவிட்டேன்.

தூத்துக்குடிக்காரர்களிலேயே பலர் வாகைகுளத்தைப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளி, உடைமரக் காட்டுக்கு நடுவே ஒரு கட்டிடம், ஒரு ஓடுபாதை, ஒரு காற்றுப்பை. கொச்சித் தளமோ காயலுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிறது. இரண்டு ஒதுங்கிய இடங்களுக்கு இடையே ஒரு விமானம் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதில் ஏற வேண்டும். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் எழுத்தராக இருக்கிறேன். டிக்கெட் எண்ணூற்று அறுபது ரூபாய். போக வர இரண்டு டிக்கெட்டுக்கு எட்டு மாதம் சேர்த்தேன். ஏறி இறங்கி ஒரு கட்டுரை எழுதுவதாக இருந்தேன். அந்தக் கட்டுரைதான் இது.

புதன், காலை 10.40. திரேஸ்புரம் கரை.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வேலைக்கு வந்தவன் நான். தூத்துக்குடியின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் லூர்தண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தேன். லூர்தண்ணன் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிக்கும் சலாபம் நின்று வெகுகாலமாகிவிட்டது; அந்தத் தொழிலில் இருந்த குடும்பங்கள் இப்போது சங்குக்கு இறங்குகின்றன. முன்பு மூச்சை அடக்கி இறங்கினார்கள். இப்போது வள்ளத்தில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை வைத்து, அதிலிருந்து வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். பன்னிரண்டு பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்.

ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. கீழே போகிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான் என்பது கணக்கு. லூர்தண்ணனுக்குக் கயிறு பிடித்தவர் சூசை அண்ணாச்சி. பதினான்கு வருடமாகப் பிடித்து வந்தார்.

அன்று எனக்கு விடுப்பு. கரையில் கூட்டத்தைப் பார்த்து இறங்கிப் போனேன். லூர்தண்ணன் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சிரித்தார்.

“ஒண்ணுமில்ல தம்பி. கம்ப்ரசர் பெல்ட்டு அறுந்து போச்சு. காத்து வரல. ஒரே இழுப்பா மேல வந்துட்டேன்.”

“கால அசைங்க பாப்போம்.”

அசைத்தார். வலது கால் கொஞ்சம் அசைந்தது. இடது கால் அசையவில்லை. மூட்டெல்லாம் குடைகிறது, பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றார்.

சூசை அண்ணாச்சி வள்ளத்தில் பெல்ட்டை மாற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். “ஏலே, வள்ளத்துல ஏத்துங்கடே. இவன மறுபடியும் பத்துப் பாகத்துக்கு எறக்கணும். நானும் கூட எறங்கிக் கையப் புடிச்சிக்கிடுதேன். கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொண்டாரேன். சாயங்காலத்துக்குள்ள சரியாப் போவும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணாச்சி! கால் விளங்காத ஆளைத் திரும்பக் கடலுக்குள்ளயா?”

“கீழ இருந்து வந்த நோவு கீழ போனாத்தான் தீரும், தம்பி.”

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இப்போது எழுதும்போது கை நிற்கிறது. ஆனால் சிரித்தேன் என்பது நடந்தது.

பகல் 12.10. ஒரு கிளினிக்.

லூர்தண்ணனின் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். மைனியும் நானும் ஒரு பக்கம், சூசை அண்ணாச்சி மறுபக்கமாக ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனோம். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். உள்ளங்காலில் குத்தியது லூர்தண்ணனுக்குத் தெரியவில்லை.

“இதுக்கு மருந்து கிடையாது. அழுத்த அறைன்னு ஒண்ணு உண்டு. அதுக்குள்ள வைக்கணும். பக்கத்துல கொச்சிலதான் இருக்கு. ஒரு கார் எடுத்து இன்னைக்கே கெளம்புங்க. நேரம்தான் முக்கியம்,” என்றார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கார் என்றுதான் சொன்னார். நேரம்தான் முக்கியம் என்றும் சொன்னார். முதல் வார்த்தை என் காதில் விழவில்லை. புதன்கிழமை, இரண்டரை மணி விமானம். எனக்கு மணி பார்க்க வேண்டியதுகூட இல்லை.

12.30. கிளினிக் வாசல்.

வாசலில் வாடகைக் கார் வைத்திருந்த முத்தையா அண்ணாச்சி நின்றார். அம்பாசடர். கொச்சிக்கு ஆயிரத்து எழுநூறு கேட்டார்.

“பதினோரு மணி நேரம் ஆவும். ஆனா நல்லாப் படுக்க வச்சிக் கூட்டிட்டுப் போயிருவேன். ஆரல்வாய்மொழிக் கணவா வழியாப் போனா மலையே ஏற வேண்டாம், கேட்டியளா. பிள்ளத்தாச்சியெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கேன்.”

“நாப்பத்தேழு நிமிஷம்,” என்றேன் நான்.

“என்னது?”

“பிளேன். ரெண்டரைக்கு ஏறினா மூணே காலுக்குக் கொச்சி. நீங்க போய்ச் சேர நடுராத்திரி ஆயிரும். ஒன்பது மணி நேரம் மிச்சம், அண்ணாச்சி!”

ஒன்பது மணி நேரம் என்பதை நான் சொன்ன விதத்தில் முத்தையா அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். சூசை அண்ணாச்சி மூடவில்லை.

“ஏ தம்பி, நான் சொல்லுதத ஒருக்கக் கேளு. வள்ளம் அங்கன நிக்கி. பெல்ட்ட மாத்தியாச்சி. ரெண்டு மணி நேரம் குடு. நம்ம ஆளுவ எத்தன பேர இப்படி எறக்கி எடுத்திருக்கோம். கால் வராட்டா நீ எங்கன வேணாலும் கூட்டிட்டுப் போ.”

“அதுக்குள்ள பிளேன் போயிரும் அண்ணாச்சி. டாக்டரே நேரம்தான் முக்கியம்னு சொல்லுதாரு.”

“கயிறு என் கையில இருக்குடே.”

அவர் குரலை உயர்த்தவில்லை. மைனியைப் பார்த்தார். மைனி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆட்டோவுக்குள் லூர்தண்ணன் தன் முழங்காலைத் தானே அழுத்திவிட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி படிச்சவரு, அண்ணே,” என்றார் மைனி.

அவ்வளவுதான் பேச்சு. சூசை அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னிடம் இருந்தது போக வர ஒருவருக்கான பணம். அது போக மட்டும் இரண்டு பேருக்கானது. தான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

1.35. வாகைகுளம்.

முத்தையா அண்ணாச்சியின் காரிலேயே வந்தோம். பாளையங்கோட்டை ரோட்டில் இருபத்தைந்து நிமிடம். உடைமரமும் வெயிலும். கட்டிடத்துக்குள் மின்விசிறி ஒன்று, தராசு ஒன்று, பெஞ்சு நான்கு. பயணிகள் எங்களோடு சேர்த்து ஏழு பேர். இரண்டு பேர் கப்பல் கம்பெனிக்காரர்கள், ஒருவர் முந்திரி வியாபாரி, ஒரு மலையாளத் தம்பதி.

கவுண்டரில் இருந்தவர் லூர்தண்ணனைப் பார்த்தார். நானும் முத்தையா அண்ணாச்சியும் இருபுறமும் தாங்கியிருந்தோம்.

“உடம்புக்கு என்ன?”

நோயாளி என்றால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். சட்டைப்பையில் டாக்டர் எழுதிய சீட்டு இருந்தது. அதைக் காட்டினால் மேலிடத்தில் கேட்பார்கள், போன் போடுவார்கள், விமானம் போய்விடும்.

“கால் பிசகிட்டு, சார். வழுக்கி விழுந்துட்டாரு.”

“ஓ. படி ரெண்டுதான். ஏத்திருவீங்கல்ல?”

“ஏத்திருவேன் சார்.”

தலா எண்ணூற்று அறுபது. சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். விமானி இருபதடி தூரத்தில் நின்று ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ‘இவர் சங்கு குளிக்கிறவர், கடலடியிலிருந்து திடீரென்று மேலே வந்தவர்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த மனிதர் எங்களை ஏற்றியிருக்கமாட்டார். தமிழில் சொன்னால் ஏழு வார்த்தை. பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்.

2.34. புறப்பாடு.

இதுவரை விமானம் ஏறாத வாசகர்களுக்கு: ஓடுபாதையில் கிளம்பும்போது முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்துவது போலிருக்கும். சக்கரம் தரையை விட்டதும் அந்தக் கடகடப்பு நின்று, ஒரு கணம் வயிறு காலியாகும். பிறகு நிலம் சாயும்.

விமானம் கடல் காற்றுக்கு எதிராகக் கிழக்கே ஏறியது. நான்கைந்து நிமிடத்தில் கடல். உப்பளங்கள் கண்ணாடிச் சில்லுகளைக் கட்டம் கட்டி அடுக்கியது போல் கிடந்தன. துறைமுகத்தின் இரண்டு கல் கரங்கள் கடலை அணைத்திருந்தன. உள்ளே நான் தினமும் பில் எழுதும் கப்பல்கள் தீப்பெட்டி போல நின்றன. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் எனக்குக் கீழே இருந்தன. வலப்பக்கம் சாய்ந்து திரும்பியபோது தூரத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் கரும்பச்சை, இன்னும் தள்ளி நெல்வயலுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. எங்கள் ஊர்க் கோபுரம்!

“லூர்தண்ணே, அங்க பாருங்க, திரேஸ்புரம்! உங்க வள்ளமெல்லாம் தெரியுது!”

லூர்தண்ணன் எட்டிப் பார்த்தார். கடலைத்தான் பார்த்தார். “அந்தக் கறுப்பா இருக்குல்லா, அதான் பாரு,” என்றார். பாரு என்றால் சங்கும் முத்துச்சிப்பியும் வாழும் கடலடிப் பாறை. “உள்ள இருந்துதான் பாத்திருக்கேன். இம்புட்டுப் பெருசா!” அவர் முகத்தில் ஒரு சின்னப்பிள்ளை தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக என்னால் இன்னும் யாருக்கும் நன்றி சொல்ல முடியவில்லை.

2.46.

விமானிகளுக்கும் எங்களுக்கும் நடுவே கதவு இல்லை. ஒரு திரை, அதையும் ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். இரண்டாவது வரிசையிலிருந்து உயரம் காட்டும் முள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. எழுத்து சந்தோஷமாகச் சாய்ந்திருக்கிறது.

2.46 — 5,000 அடி. கயத்தாறு?
2.51 — 8,000. மேற்கே மலை, மேகம்.
2.54 — 9,500!! காது அடைக்கிறது.

ஆச்சரியக்குறி இரண்டு போட்டிருக்கிறேன்.

சிறிய விமானம், பெரிய விமானங்களைப் போல உள்ளே காற்றை இறுக்கி அடைத்து வைக்கும் ஏற்பாடு இதில் கிடையாது. வெளியே எவ்வளவு காற்று மெலிகிறதோ அவ்வளவு உள்ளேயும் மெலியும். இது எனக்குத் தெரியாதது அல்ல. கல்லூரித் தோழனுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒரு சுவாரசியமான செய்தியாக எழுதியிருந்தேன்.

லூர்தண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தம்பி.”

“என்ன அண்ணே?”

“நெஞ்சுக்குள்ள குத்துது. கையும் மரத்துப் போவுது.”

“காது அடைக்கும் அண்ணே, எல்லாருக்கும் அப்படித்தான். எச்சில் முழுங்குங்க.”

விழுங்கினார். வேர்த்திருந்தது. மலையின் முகடுகள் நேர் கீழே, பச்சை, அதற்குள் ஒரு வெள்ளிக் கோடாக அருவி. பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூன்று நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

“அந்த டிரைவர்ட்டச் சொல்லி இத்துப்போலக் கீழ எறக்கச் சொல்லுதியளா? கீழ போனா சரியாயிரும்போல இருக்கு.”

மலைக்கு மேல் போகும்போது விமானத்தைக் கீழே இறக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். பாவம், பயந்துவிட்டார்.

“இன்னும் இருபத்திரண்டு நிமிஷம்தான் அண்ணே. கண்ண மூடிக்கோங்க.”

மூடிக்கொண்டார். நல்ல மனிதர், சொன்னதைக் கேட்டார். சற்றுக் கழித்து என் மணிக்கட்டில் அவர் பிடி தளர்ந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

3.21. கொச்சி.

காயலும் தென்னையும் சீன வலைகளும் எழும்பி வந்தன. நாற்பத்தேழு நிமிடம், ஒரு நிமிடம் பிசகவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரும்பினேன்.

லூர்தண்ணன் விழித்துத்தான் இருந்தார். “தம்பி, என் கை எங்கன இருக்கு?” என்றார்.

கை என் மடியில் இருந்தது.

3.50. மருத்துவமனை.

தளத்துக்குப் பக்கத்திலேயே அந்த இடம். டாக்டர் தமிழ் தெரிந்த மலையாளி, நரைத்த மீசை. நடந்ததை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். எத்தனை ஆழம், எத்தனை தடவை, எவ்வளவு நேரம். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன்.

“காலையில் கால் மட்டும்தானே? கை எப்போ போச்சு?”

“வரும்போதுதான், சார்.”

“எதில் வந்தது?”

“பிளேன்ல, சார். நாற்பத்தேழே நிமிஷம்.”

அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனா நின்றது.

“எவ்வளவு உயரம்?”

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். ஆச்சரியக்குறிகளையும் பார்த்திருப்பார். திட்டவில்லை. எழுந்து அழுத்த அறைக்கு ஆள் அனுப்பிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

“கோலி சோடா பார்த்திட்டுண்டல்லோ. மூடி இருக்கும்போ காற்று தண்ணிக்குள்ளே அடங்கி இருக்கும். கடலுக்கு அடியிலே இவன் ரத்தமும் அப்படித்தான். மெல்ல மேலே வந்தால் பிரச்சினை இல்லை. சட்டென்று வந்தான், நுரைச்சுது. கார்யம் மோசம்தான், பக்ஷே சமாளிக்கலாம். நீங்கள் அதையும் ஒன்பதாயிரம் அடிக்கு எடுத்துப் போய்த் திறந்துவிட்டீர்கள்.”

வெள்ளையடித்த இரும்புக் குழாய் போன்றது அந்த அறை. ஒரு வட்டக் கண்ணாடி. லூர்தண்ணனை உள்ளே கிடத்தி மூடி, காற்றை ஏற்றினார்கள். அங்கிருந்த பணியாள் முள்ளைக் காட்டி எனக்கு விளக்கினார்: “இப்போ இவர் அறுபது அடி தண்ணிக்கு அடியிலே இருக்கிற மாதிரி.”

அறுபது அடி, பத்துப் பாகம். சூசை அண்ணாச்சி காலை பதினொன்றுக்கு, செலவில்லாமல், லூர்தண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கொடுக்க இருந்தது அதுதான்.

கடலில் இறக்கும் அந்த முறையிலும் ஆபத்து உண்டு என்று டாக்டர் பிறகு சொன்னார். தண்ணீருக்குள் மயங்கிவிட்டால் போச்சு என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இல்லை.

வியாழன், காலை 7.20.

பஸ்ஸில் வந்து இறங்கினார் சூசை அண்ணாச்சி. மடித்துக் கட்டிய சாரம், கையில் ஒரு துணிப்பை. வட்டக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். லூர்தண்ணனுக்கு இவர் முகம் தெரிந்திருக்க வேண்டும், உதடு அசைந்தது.

“என்ன சொல்லுதான்?”

“உள்ள பேசுறது வெளிய கேக்காது அண்ணாச்சி.”

“எத்தன பாகம் இது?”

“பத்து.”

ஒரு கையைக் கண்ணாடி மேல் வைத்தபடி அரை மணி நேரம் நின்றார். நான் டீ வாங்கி வந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். குடித்து முடித்த பிறகு சொன்னார்.

“பெல்ட்டு பழசு. மாத்தணும் மாத்தணும்னு ஒரு மாசமா சொல்லிட்டே கெடந்தான். அறுந்ததுக்கு நான் பொறுப்பு. மிச்சத்துக்கு...” தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. இன்றுவரை முடிக்கவில்லை.

நான்கு நாள், தினமும் பல மணி நேரம் அந்தக் குழாய்க்குள். முதலில் இடது கை வந்தது, பிறகு வலது கை. ஐந்தாம் நாள் தானே கரண்டி பிடித்துக் கஞ்சி குடித்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. வராது என்று பத்தாம் நாள் சொன்னார்கள். இதை எழுதும் எனக்கு அந்த நாட்களில் கொச்சியைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல ஒரு செய்தியும் சேரவில்லை. காயல் இருந்தது. படகுகள் போயின.

சனி, காலை 5.30. திரும்புதல்.

முத்தையா அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். முந்தின நாளே காரைக் கொண்டுவந்துவிட்டார். பின்சீட்டில் மெத்தை விரித்து லூர்தண்ணனைச் சாய்த்து உட்காரவைத்தோம். சூசை அண்ணாச்சி அவர் பக்கத்தில், நான் முன்னால். ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரத்தில் காலைச் சாப்பாடு. பதினோரு மணிக்குப் புட்டும் கடலையும், தலைக்குப் பன்னிரண்டு ரூபாய். நாகர்கோவிலைத் தாண்டி இரண்டு மணிக்கு ஆரல்வாய்மொழி.

மலைத்தொடர் அங்கே முடிந்து, இரண்டு குன்றுக்கு நடுவே ஒரு வாசல் திறந்திருக்கிறது. காற்று காரைத் தள்ளியது. ரோடு தட்டையாகப் போனது.

“இதான் கணவா,” என்றார் முத்தையா அண்ணாச்சி. “ஏத்தம் தெரிஞ்சிதா? தெரியாது.” சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்பது போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் வெளியே பார்த்தபடி இருந்தேன். பின்னாலிருந்து லூர்தண்ணன் பேசினார்.

“டீக்கு நிறுத்தும் வே முத்தையா. கால் வலி ஒண்ணும் கிடையாது, ஒரு டீ குடிச்சாப் போதும்.”

முத்தையா அண்ணாச்சிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சூசை அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். “வாய் மட்டும் வெளங்குது பாரு,” என்றார். டீக்கடையில் நிறுத்தினோம். தம்ளரை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே லூர்தண்ணன் கேட்டார்.

“பிளேன்ல எம்புட்டு உசரம் போனோம் தம்பி?”

“ஒன்பதாயிரத்து ஐநூறு அடி அண்ணே.”

“எத்தன பாகம் வரும்?”

“ஆயிரத்து ஐநூறுக்கு மேல.”

ஊதிக் குடித்தார். “கீழ போற கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. எத்தன பாகம், எம்புட்டு நேரம், எல்லாம் தெரியும். மேல போற கணக்கு ஒனக்குத் தெரியும்னு நெனச்சிக்கிட்டேன்.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தொழில் தெரிந்த ஒருவர் மற்றொரு தொழில்காரனிடம் பேசும் குரல். தூரத்தை அளந்தேன், நேரத்தை அளந்தேன், உயரத்தை எழுதிக்கூட வைத்தேன். அவருக்காக அளக்கவில்லை. எனக்கு அந்த விமானத்தில் ஏற வேண்டும்; ஏற ஒரு காரணம் ஆட்டோவில் வந்து உட்கார்ந்திருந்தது.

மாலை 4.20க்கு வாகைகுளம். திருநெல்வேலி ரோடு அந்தத் தளத்தை ஒட்டித்தான் போகிறது. சனிக்கிழமை, விமானம் கிடையாது. கேட் பூட்டியிருந்தது. காற்றுப்பை கிழக்கிலிருந்து நிறைந்து நின்றது. காரில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

4.50. திரேஸ்புரம்.

மீட்டரில் நானூற்று எட்டு கிலோமீட்டர், பதினோரு மணி இருபது நிமிடம். மைனி வாசலில் நின்றார். பாய் ஏற்கெனவே விரித்திருந்தது. என்னைப் பார்த்து, “வாங்க தம்பி,” என்றார், எப்போதும் சொல்வது போல. அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

கார்க் கதவைத் திறந்தோம். சூசை அண்ணாச்சி லூர்தண்ணனின் அக்குளுக்குள் கை கொடுத்துக் கட்டிக்கொண்டார். நானும் தோள் பக்கம்தான் போனேன். தலையாட்டி என்னை நிறுத்தினார்.

“நீ கால் பக்கம் புடி தம்பி. அங்கன புடிச்சா அவனுக்குத் தெரியாது.”

பிடித்தேன். இரண்டு கணுக்காலும் சில்லென்று இருந்தன. காரிலிருந்து வாசல் வரை ஒன்பது காலடி.